முருகேசு அண்ணன் வேனுக்குள் இருந்த தப்பு

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு முருகேசு அண்ணனின் வேன் கடை வாசலில் வந்து நின்றது. நான் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்தேன். அந்த வேன் திரும்பி வரக் கூடாது. அதுதான் முதலாளி போட்டிருந்த நிபந்தனை.

முருகேசு அண்ணன் இறங்கினார். கதவைச் சாத்தினார். நேராக என்னிடம் வந்து, ஏதோ சாவு வீட்டுச் சேதி சொல்வதுபோல் சொன்னார்:

"தங்கச்சி, தப்பு உள்ளேயே இருக்கு. வெளிய வரமாட்டேங்குது."

இன்று வாகனங்களுக்குச் சவுண்ட் செட்டுப் பூட்டுகிற கார் ஓடியோ வேலைக்கு வரும் தங்கைகளும் தம்பிகளும் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, நீங்க தனியாச் செஞ்ச முதல் வேலை என்ன?" என்பதுதான். இதுதான் அது. கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

1. கவுன்டரும் ஆம்பும்

எங்கள் கடை மலைநாட்டில், ஹட்டன் டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட. வாகனங்களுக்குப் பாட்டுப் போடுகிற செட்டு, ஸ்பீக்கர், கமரா, அலாரம் பூட்டுவோம். முன்பக்கம் போன் கவரும் சார்ஜரும் விற்கிற கண்ணாடிக் கவுன்டர். பின்பக்கம் வேலை செய்கிற ஷெட்.

என் அப்பா தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்து எடுக்கிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். பதினோராம் வகுப்பு ஓ.எல் பரீட்சையில் தமிழுக்கு ஏ எடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அதன் பிறகு தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகன மின்வேலை படித்தேன். வகுப்பில் இருபத்திரண்டு பையன்கள், நான் ஒருத்தி. சேர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தபோது முதலாளி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் படிச்சிருக்க. இப்போதைக்குக் கவுன்டர்ல நில்லு."

அந்த 'இப்போதைக்கு' எட்டு மாதம் நீண்டது. ஷெட்டில் வேலை முழுவதும் சமன் ஐயாவுடையது. சமன் சிங்களவர், ஹட்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தம் ஒரு நாற்பது சொல் இருக்கும். அதில் பாதி சாப்பாட்டுச் சாமான். நான் கவர் விற்காத நேரத்தில் எல்லாம் அவர் பக்கத்தில் போய் நின்று வயர் பிடிப்பேன். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். "நங்கி, நீ என்னை விட நல்லா சோல்டர் பண்றது" என்று அவர் சொன்ன நாளில் நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்துதான் போனேன்.

ஒரு சனிக்கிழமை சமன் ஒரு பஸ்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் முருகேசு அண்ணன் வந்தார். றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். மலை மேலே தோட்டத்து வரிசை வீடுகளான மேல் லயத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி வருகிற வேன் அவருடையது. ஜப்பானில் இருந்து வந்த சின்ன வேன்.

"சப் ஒண்ணு போடணுங்க. திங்கக்கெழமை ஸ்கூல் ஓட்டத்துக்குள்ள வேணும்." கட்டைச் சத்தத்துக்கென்று தனியாகப் பூட்டுகிற பெரிய ஸ்பீக்கரைத்தான் சப் என்போம்.

முதலாளி பஸ்ஸைப் பார்த்தார். சமனின் கால் மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் அதற்குள் கவுன்டரை விட்டு வெளியே வந்து, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்திருந்தேன். எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

"சரி, செய். ஆனா ஒண்ணு நிரோஷா. குத்தம் சொல்லிக்கிட்டு இந்த வேன் திரும்பி வந்துச்சுன்னா நீ மறுபடி கவுன்டர்தான். பொறகு ஷெட்டுப் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க மொதலாளி."

2. றிமோட் எங்கே?

வேனில் இருந்த கம்பெனி செட்டை மாற்றக் கூடாது என்று முருகேசு அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அதுல எல்லாமே ஜப்பான் எழுத்துத்தான் தங்கச்சி. ஒரு எழுத்து வௌங்காது. ஆனா எந்த பட்டன் எதுக்குன்னு என் வெரலுக்குத் தெரியும். புதுசு போட்டா வெரலு கொழம்பிரும்."

பழைய செட்டிலேயே சப் பூட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. சத்தத்தைப் பெருக்குகிற ஆம்புக்குப் போகிற மெல்லிய சிக்னலை எடுக்க அந்தச் செட்டில் வழியே இருக்காது. அதனால் பின் ஸ்பீக்கருக்குப் போகிற வயரில் கன்வர்ட்டர் ஒன்றைப் பூட்டி, ஸ்பீக்கர் சிக்னலைக் குறைத்து ஆம்புக்குக் கொடுக்க வேண்டும். அதைச் செய்தேன். பெட்டரியில் இருந்து பவர் வயரை வேனின் இடது பக்கமாக இழுத்தேன், சிக்னல் வயரை வலது பக்கமாக. இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் இன்ஜின் இரைச்சல் ஸ்பீக்கரில் பாடும். பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போட்டேன். எர்த் கொடுக்கிற இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகுதான் நட்டை இறுக்கினேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு பேப்பரில் ஒட்டி வைத்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அழகாக இருந்தது, அதனால் செய்தேன்.

முருகேசு அண்ணன் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நீல வயரு என்ன தங்கச்சி?"

"றிமோட் வயர் அண்ணே. நீங்க சாவியப் போட்டதும் ஆம்ப ஒன் பண்ணிவிடும்."

எல்லாம் பூட்டி, பாட்டுப் போட்டு, ஷெட்டின் தகரம் அதிரக் காட்டினேன். அவருக்கு வாயெல்லாம் பல். வேனில் ஏறினார். ஏறியவர் இறங்கினார். சீட்டுக்கு அடியில் பார்த்தார், டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மெதுவாக என்னிடம் வந்தார்.

"எல்லாம் சரி. றிமோட்டு எங்க?"

"எந்த றிமோட்டு?"

"நீ சொன்னீயே, றிமோட்டுன்னு. வயரு மட்டும் இருக்கு. கையில வச்சு அமத்துற சாமான் எங்க?"

அந்தப் பெயரில் கையில் பிடிக்கிற சாமான் எதுவும் இல்லை, ஒரு வயருக்குத்தான் அந்தப் பெயர் என்று விளங்கப்படுத்தக் கால் மணி நேரம் ஆனது. அவர் போனதும் நான் சிரித்தேன் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சமனுக்கும் நடித்துக் காட்டினேன். "ஒரு சொல்லைக் கேட்டதும் தனக்குத் தெரிந்த அர்த்தத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறாரே மனுஷர்!" என்று முதலாளியிடம் வேறு சொன்னேன்.

சொன்னது சனிக்கிழமை. அன்றைக்கே மேலே யாரோ என் பேரைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

3. தப்பு உள்ளே இருக்கிறது

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்திருக்கிறார் மனுஷர்.

"என்ன தப்பு அண்ணே?" என்றேன்.

"என்ன தப்பா? தோட்டத்துப் புள்ளதானே நீ? தப்பு தெரியாதா ஒனக்கு?"

முகம் சுட்டது. தோட்டத்துப் பிள்ளை என்றால் வேலையில் தப்பு வரும் என்று சொல்கிறாரா? அவரும் தோட்டத்துக்காரர்தானே? இருந்தாலும் வாடிக்கையாளர். பல்லைக் கடித்துக்கொண்டு, பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்தபடியே கேள்வி கேட்டேன்.

"இன்ஜின் ஓடும்போதா, நிப்பாட்டினாலுமா?"

"ரெண்டுலயுந்தான்."

"எந்த நேரம் கேக்குது?"

"கேக்கலைங்கிறேன்! வளைவுல நிப்பாட்டிப் போட்டுப் பாத்தேன். உள்ளுக்குள்ள எங்கயோ மங்கலா இருக்கு. ஒண்ணும் தெளிவா இல்ல."

மங்கலான, உள்ளே ஒளிந்திருக்கிற தப்பு. எங்கள் தொழிலில் அதை விடக் கெட்டது கிடையாது. வயர் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். வந்து வந்து போகிற தப்புக்குத்தான் நாள் கணக்காகத் தேட வேண்டும்.

முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "புதுசாப் பூட்டினது, ஒரு தடவ வர்றது வழக்கந்தான்," என்றார். நான் மூச்சு விட்டேன். "இன்னொரு தடவ வந்தா, கவுன்டர்" என்றும் சொன்னார். விட்ட மூச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

முருகேசு அண்ணன் செட்டில் செருகியிருந்த தன் பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரொட்டி சாப்பிடப் போனார். நான் வேனைப் பிரித்தேன். பியூஸ் சரி. எர்த் சரி. கன்வர்ட்டர் சரி. ஒவ்வொரு ஜொயின்டையும் இழுத்துப் பார்த்தேன், எல்லாம் இரும்பு மாதிரி இருந்தது. சப்பின் பிளஸ் மைனஸை மாற்றிப் போட்டேன். கடையின் சோதனைப் பாட்டைப் போட்டதும் சத்தம் இன்னும் கொழுத்து வந்தது. அதுதான் தப்பாக இருந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஆம்பின் சத்த அளவான கெய்னையும் கூட்டினேன். கட்டைச் சத்தத்தை ஏற்றுகிற பேஸ் பூஸ்டை முழுசாகத் திருகினேன். ஷெட்டில் சமன் முகம் பார்க்கிற கண்ணாடி ஆணியில் இருந்து கழன்று விழுந்தது. அதை விட நல்ல சேர்டிபிகேட் வேண்டுமா?

பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகிவிட்டதால் முருகேசு அண்ணன் ஓட்டிக்கொண்டு ஓடினார். கேட்டுப் பார்க்கக்கூட நேரமில்லை.

4. தப்பே இல்லை!

செவ்வாய்க்கிழமை. எட்டரை மணி. வேன்.

நான் கவுன்டருக்குள் போய் நின்றுகொண்டேன். எப்படியும் போகப் போகிற இடம்தானே.

முருகேசு அண்ணன் வேனை விட்டு இறங்கி, இரண்டு கையையும் விரித்தார்.

"தப்பே இல்ல தங்கச்சி!"

எனக்குக் காது அடைத்தது. "என்ன அண்ணே?"

"சுத்தமா இல்ல. நேத்தாவது கொஞ்சம் இருந்துச்சு. இன்னைக்கித் தப்புங்கிற பேச்சுக்கே எடமில்ல!"

நான் கவுன்டரின் மேல்பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். "மொதலாளி! கேட்டீங்களா? தப்பே இல்லையாம்!" முதலாளியும் எழுந்து வந்தார். சொந்த மகள் பரீட்சையில் பாஸானது போல் சிரித்தார். "அதானே! நம்ம புள்ள செஞ்சா சரியாத்தான் இருக்கும். சந்தோஷந்தானே முருகேசு?"

"என்ன சந்தோஷம் மொதலாளி?" முருகேசு அண்ணனுக்கு மூக்கு விடைத்தது. "தப்பு இல்லாம நான் எப்படி வேன் ஓட்டுறது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன்.

"தப்பு இல்லாட்டி நல்லதுதானே?" என்றார் முதலாளி, மிகவும் பக்குவமாக, பைத்தியத்திடம் பேசுவது போல.

"நல்லதா? தப்புக்காகத்தானே இவ்வளவு செலவழிச்சு சப் போட்டேன்! தப்பு நல்லா வரணும், மேல் லயம் வரைக்கும் வரணும்னு நெனச்சுத்தானே வந்தேன்!"

"எங்க கடையில தப்பு வராதுங்க," என்றார் முதலாளி, கொஞ்சம் விறைப்பாக.

"அதத்தானே நானும் சொல்றேன்! ஒங்க கடையில வராது போலத்தான் இருக்கு! வேற கடைக்குப் போறேன்!"

சத்தம் கேட்டு, ஷெட்டில் இருந்து சமன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மொகத நங்கி, என்ன பிரச்சினை?"

"தெரியல்ல ஐயா. தப்பு இருந்தாலும் ஏசுறாரு, இல்லாட்டியும் ஏசுறாரு."

சமன் முருகேசு அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் குழப்பம், ஆனால் எங்கள் குழப்பம் இல்லை. இத்தனை பேர் எதற்குக் குழம்புகிறார்கள் என்ற குழப்பம்.

"நங்கி, தப்பு." டூல் பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் பென்சில். "தப்பு! பெர!"

பெர என்றால் சிங்களத்தில் மேளம். அவர் அடித்தார். *டங்-டக்கு-டக்கு, டங்-டக்கு-டக்கு.*

"ஆங்!" என்று சமனைக் காட்டிக் கத்தினார் முருகேசு அண்ணன். "அந்த மாத்தயாவுக்கு வௌங்குதே! தப்பு! தப்பு!"

தப்பு. எங்கள் தோட்டத்துத் தப்பு. திருவிழாவிலும் காமன் கூத்திலும் சாவிலும் அடிக்கிற தப்பு. பிறந்ததில் இருந்து நான் கேட்டு வளர்ந்த, நெருப்பில் காட்டித் தோலைச் சூடேற்றி அடிக்கிற அதே தப்பு. நாற்பது தமிழ்ச் சொல் தெரிந்த சமனுக்குத் தப்பு என்றால் மேளம் மட்டும்தான். அதனால் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தமிழுக்கு ஏ எடுத்த எனக்கோ, கொப்பியில் டீச்சர் சிவப்பு மையால் போடுகிற தப்புத்தான் ஞாபகம் வந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முதலாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

5. கட்டைக் குச்சியும் நீளக் குச்சியும்

முருகேசு அண்ணன் பிறகுதான் முழுசாகச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டியதை மூன்று நாள் கழித்துச் சொன்னார் என்றும் எழுதலாம். ஆனால் கேட்டிருக்க வேண்டியது நான்.

"மேல் லயத்துக்கு வேன் ஏறாது. வளைவுல நின்னு ஹோர்ன் அடிச்சா எவனும் எறங்கி வரமாட்டான். மீன்காரன் ஹோர்ன் அடிக்கிறான். பாண் ரொட்டி விக்கிறவன் ஆட்டோவுல பாட்டுப் போட்டுக்கிட்டு வர்றான். நம்ம வேனுக்குன்னு ஒரு சத்தம் வேணாமா? எங்க மச்சான் கோஷ்டி அடிச்ச தப்ப போன்ல புடிச்சு வச்சேன். அதப் போட்டா புள்ளைங்க ஓடி வருங்க. பழைய ஸ்பீக்கர்ல அது தகர டப்பா மாதிரி கேட்டுச்சு. அதுக்குத்தான் சப்பு."

"அந்தப் பென் டிரைவக் குடுங்க அண்ணே," என்றேன். அப்போதுதான் முதல் முதலாக அதை என் கையில் வாங்கினேன்.

போட்டுக் கேட்டதும் விளங்கியது. போனில் பிடித்த சத்தம். அதில் காற்றும் இருந்தது. நான் கூட்டி வைத்திருந்த பேஸ், அந்தக் காற்றை எல்லாம் யானை உறுமுவது போல் உறுமவைத்தது. தப்பு அதற்கு அடியில் புதைந்து கிடந்தது. திங்கட்கிழமை நான் கூட்டக் கூட்ட அது இன்னும் ஆழமாகப் புதைந்திருக்கிறது.

தப்புக்கு இரண்டு குச்சி. கட்டைக் குச்சி அடிக்கும்போது 'தும்' என்று வரும். நீளக் குச்சி பட்டால் 'ச்சட்' என்று தெறிக்கும். ஆட்களை இழுப்பது அந்தத் தெறிப்புத்தான். அது சப்பின் வேலையே இல்லை, கதவு ஸ்பீக்கரின் வேலை. கட்டைக் குச்சியின் அடிப்பகுதி மட்டும் சப்புக்குப் போனால் போதும். பேஸ் பூஸ்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். சப்புக்குப் போகிற சத்தத்தை வடிகட்டுகிற பில்டரை எண்பது ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். கெய்னைப் பாதியாக்கினேன். பிளஸ் மைனஸை இந்தப் பாட்டை வைத்தே இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்து, முதலில் இருந்தபடியே திருப்பிப் போட்டேன். சனிக்கிழமை சரியாகத்தான் பூட்டியிருக்கிறேன்!

பின் கதவைத் தூக்கிவிட்டுப் பட்டனை அமர்த்தினேன்.

என்ன சொல்ல! தப்பு வேனுக்குள் இருந்து எழுந்து வெளியே நடந்து வந்தது. வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் முதலில் தோளைக் குலுக்கினார், பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்டத்தில் இறங்கிவிட்டார். முருகேசு அண்ணன் அவரோடு சேர்ந்துகொண்டார். பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு அக்காமார் மரக்கறிப் பையோடு நின்று கைதட்டினார்கள். சமன் டூல் பெட்டியில் கூடவே அடித்தார். நான் ஆடினேனா? ஆடினேன். கையில் டெஸ்டர் இருந்தது, அதோடு ஆடினேன். முதலாளி ஆடவில்லை. ஆனால் அவர் விரல் கவுன்டர் கண்ணாடியில் தாளம் போட்டதை நான் கண்டேன்.

எல்லாம் அடங்கிய பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி நிரோஷா. ஆனா வேன் ரெண்டு தடவ திரும்பி வந்துருக்கு. நான் சொன்னது சொன்னதுதானே?"

சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. எட்டு மாதம் கவர் விற்றவள் நான்.

"மொதலாளி, குத்தம் சொல்லிக்கிட்டு வந்தாத்தான் கவுன்டர்னு சொன்னீங்க. இது தப்பால வரலீங்க. தப்புக்காக வந்துச்சு."

சிரிக்க ஆரம்பித்த முதலாளி இருமல் வரும் வரை சிரித்தார்.

"போ, போ. டூல் பெட்டிய எடு. கவுன்டருக்கு வேற ஆளப் பாக்குறேன்."

6. வளைவு

அடுத்த நாள் காலை, சத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்க முருகேசு அண்ணனோடு வேனில் போனேன். வளைவில் நிறுத்தினார். பனிமூட்டத்தில் மேல் லயம் தெரியவில்லை. தப்பைப் போட்டார். ஒரு நிமிடம்கூட இல்லை, பனிக்குள் இருந்து வெள்ளைச் சீருடைகள் உருண்டு வந்தன. ஒருத்தி வாயில் பல் தேய்க்கிற பிரஷ். ஒருவன் காலில் ஒரு சப்பாத்து, கையில் ஒரு சப்பாத்து. ஆடிக்கொண்டே ஓடி வந்தார்கள்.

முன்பு விடியற்காலையில் தப்பு அடித்துத்தான் தோட்டத்தில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை வேலைக் கணக்கெடுப்புக்கு, கூப்பிட்டார்களாம். என் அம்மா சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்குக் கொழுந்துக் கூடையோடு ஓடியிருக்கிறார். அன்று மாலை நான் வளைவில் கண்டதைச் சொன்னபோது, அம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஸ்கூலுக்கா? தப்படிச்சு ஸ்கூலுக்கா கூப்பிடுறாங்க?" அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்துவிட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்க்ரூவில் கை வைக்க முன் வாடிக்கையாளரின் பாட்டைக் கேளுங்கள், உங்கள் பாட்டை அல்ல. அவர் ஒரு சொல்லைச் சொன்னால், அதற்கு அவர் ஊரில் என்ன பொருள் என்று கேளுங்கள். அந்த ஊர் உங்கள் ஊராகவே இருந்தாலும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். கேட்காமல் விட்டவள் எவ்வளவு வெட்கப்பட்டாள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் கடையின் வேலைத் துண்டில் 'தப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. வாகனத்தில் என்ன கோளாறு என்று அதில் எழுதுவோம். அந்த வாரமே அந்தச் சொல்லை வெட்டி 'பழுது' என்று மாற்றினேன். முருகேசு அண்ணனின் துண்டு மட்டும் இன்னும் ஷெட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் என் கையெழுத்தில் இரண்டு வரி:

பழுது: இல்லை.
தப்பு: நன்றாக இருக்கிறது.